சரணாலயம் வரையும் மென்பொருளும் ஒரு செலவுப் பத்தியும்

"இந்த இடத்தைத்தான் காக்க வேண்டும் என்று கணினியே சொல்லிவிட்டது" என்று கூட்டங்களில் யாராவது முழங்கும்போது எனக்குச் சுருக்கென்று வரும். வரைபடம் போட்டுச் சம்பளம் வாங்குகிறவன் நான். பிரிஸ்பேனில் ஒரு சிறு நிறுவனத்தில் வேலை. உயிரினக் காப்பகங்களுக்கு இடம் தேர்ந்தெடுக்க உதவும் மென்பொருள்களோடுதான் என் பெரும்பாலான நாட்கள் கழிகின்றன. அவை எதையும் சொல்வதில்லை. நாம் கொடுத்த எண்களைக் கூட்டிக் கழித்து நம்மிடமே திருப்பித் தருகின்றன. அப்படிக் கொடுக்கும் எண்களில் ஒன்றைப் பற்றித்தான் இந்தப் பதிவு. ஆனால் அதற்கு வந்துசேரக் கொஞ்சம் சுற்ற வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உலகத்தில் காப்பகங்கள் எங்கே அமைந்திருக்கின்றன என்று பார்த்தால் ஒன்று தெரியும். உழவுக்கு ஆகாத மேடு, மரம் வெட்ட வண்டி ஏறாத சரிவு, கனிமம் இல்லாத பாறை, யாரும் வீடு கட்ட விரும்பாத பனிமுகடு. வேறு எவருக்கும் வேண்டாத நிலம் விலங்குகளுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் பாப் பிரெஸ்ஸி என்ற ஆய்வாளர் இதை வரைபடம் வரைபடமாக எடுத்துக்காட்டினார். சமவெளியின் வளமான மண்ணில் வாழ்ந்த புல்வெளிகளும் மரத்தோப்புகளும் கோதுமைக்கும் ஆட்டுக்கும் போய்விட, பூங்காக்கள் எல்லாம் மலை உச்சியில் குவிந்திருந்தன. பரப்பளவைக் கூட்டிச் சொன்னால் பெருமையாக இருக்கும். எந்த உயிரினத்துக்கு ஆபத்தோ அது மட்டும் உள்ளே இருக்காது.

இதற்கு மாற்றாகக் கணக்குப் போட்டுத் தேர்ந்தெடுக்கலாம் என்று காட்டியவர்களில் முன்னோடி, டாஸ்மேனியாவின் ஜேமி கிர்க்பாட்ரிக். 1983-இல் அவர் எழுதிய கட்டுரையின் சாரம் மிக எளிது. எல்லா இடங்களுக்கும் மதிப்பெண் போட்டு, மேலிருந்து வரிசையாக எடுத்தால், முதலிடம் பிடித்ததும் இரண்டாமிடம் பிடித்ததும் பெரும்பாலும் ஒரே தாவரங்களையே வைத்திருக்கும். எனவே ஒன்றை எடுத்தவுடன், அதில் இருப்பவற்றைக் கணக்கிலிருந்து நீக்கிவிட்டு மற்ற இடங்களுக்கு மதிப்பெண்ணைத் திரும்பப் போட வேண்டும். அடுத்த இடம் முதல் இடத்தில் இல்லாததை இட்டு நிரப்ப வேண்டும், அவ்வளவுதான்.

வேடிக்கை என்னவென்றால், அதே 1983-இல் அமெரிக்காவில் ஸ்காட் கிர்க்பாட்ரிக் என்ற வேறொருவர், இரண்டு கூட்டாளிகளோடு சேர்ந்து, கணினிச் சில்லுகளை அடுக்கும் சிக்கலுக்காக ஒரு தேடல் முறையை வெளியிட்டார். ஒருவருக்கொருவர் சம்பந்தம் இல்லாத இந்த இரண்டு கிர்க்பாட்ரிக்குகளின் வேலையும் பின்னாளில் ஒரே மென்பொருளுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது.

ஏன் இரண்டாவது கிர்க்பாட்ரிக் தேவைப்பட்டார்? தாளில் போட்டுப் பார்க்கக்கூடிய ஒரு சிறு கணக்கு சொல்கிறேன். மூன்று இடங்கள். முதல் இடத்தில் சங்கு, கடல்குதிரை, கடல்புல், பவளம் என நான்கு. இரண்டாவதில் சங்கு, கடல்குதிரை, ஆமை. மூன்றாவதில் கடல்புல், பவளம், கடல்பசு. ஆறும் நமக்கு வேண்டும். இடங்கள் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. டாஸ்மேனிய முறைப்படி நான்கு இருக்கும் முதல் இடத்தை எடுக்கிறோம். மிச்சம் ஆமையும் கடல்பசுவும். ஆமைக்காக இரண்டாவது, கடல்பசுவுக்காக மூன்றாவது. ஆக மூன்றையும் எடுத்தாகிவிட்டது. இப்போது திரும்பிப் பாருங்கள்: இரண்டாவதும் மூன்றாவதும் மட்டுமே ஆறையும் கொண்டிருக்கின்றன! முதல் இடம் வெறும் சுமை. ஒவ்வோர் அடியிலும் சிறந்ததை எடுத்துக்கொண்டே போனாலும் மொத்தத்தில் சிறந்தது கிடைப்பதில்லை.

மூன்று இடம் என்றால் கண்ணாலேயே பார்த்துவிடலாம். 17,000 இடம் என்றால்? ஒவ்வோர் இடத்தையும் எடுக்கலாம் அல்லது விடலாம் என்று இரண்டே வாய்ப்பு. 2-ஐ 17,000 முறை பெருக்கினால் வருவது 5,118 இலக்கம் கொண்ட எண். அத்தனையையும் ஒவ்வொன்றாகச் சோதிக்க எந்தக் கணினியாலும் ஆகாது.

ஸ்காட் கிர்க்பாட்ரிக்கின் முறை உலோகத்தைப் பழுக்கக் காய்ச்சி மெல்ல ஆறவிடும் பட்டறை உத்தியிலிருந்து வந்தது. சூடாக இருக்கும்போது அணுக்கள் கண்டபடி இடம் மாறும். ஆற ஆற நல்ல இடத்தில் அமரும். கணினியும் அப்படித்தான். தொடக்கத்தில் ஓர் இடத்தைச் சேர்த்தோ நீக்கியோ பார்க்கும்போது நிலைமை மோசமானாலும் சில சமயம் "சரி, போகட்டும்" என்று ஏற்றுக்கொள்ளும். போகப்போக அந்தத் தாராளம் குறையும். கடைசியில் நன்மை தரும் மாற்றத்தை மட்டுமே ஏற்கும். இப்படிப் பத்து லட்சம் மாற்றங்களைச் சோதிப்பது ஓர் ஓட்டம். அதை 100 தடவை ஓட்டுவது எங்கள் தொழிலில் வழக்கம்.

அடிலெய்டு பல்கலைக்கழகத்தில் ஹியூ பாஸிங்ஹாமிடம் முனைவர் பட்டத்துக்குப் படித்த இயன் பால், இந்த முறையைக் காப்பகத் தேர்வுக்குப் பொருத்தி மென்பொருளாக்கினார். முதலில் அதற்கு ஸ்பெக்ஸான் என்று பெயர். பிறகு கடலுக்காக மாற்றி, 2000-ஆம் ஆண்டுவாக்கில் மார்க்ஸான் ஆயிற்று. கார்ல் மார்க்ஸுக்கும் அதற்கும் தொடர்பில்லை. நம் ஊர் நண்பர்கள் ஒவ்வொருவரும் கேட்டுவிட்டதால் முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன்.

மார்க்ஸான் மூன்று தொகைகளைக் கூட்டி, கூட்டுத்தொகையை முடிந்தவரை குறைக்கப் பார்க்கிறது. தேர்ந்தெடுத்த இடங்களின் செலவு ஒன்று. காப்பகத்தின் வெளி எல்லையின் நீளம் இன்னொன்று. இலக்கை எட்டாத உயிரினங்களுக்கான தண்டம் மூன்றாவது. எல்லை நீளத்துக்கு எவ்வளவு எடை கொடுப்பது என்பது நம் கையில். அதைச் சுழி என்று வைத்தால் கடுகை வாணலியில் போட்டதுபோல் காப்பகம் வரைபடம் முழுவதும் தெறித்துக் கிடக்கும். இங்கே ஒரு கட்டம், அங்கே ஒரு கட்டம். கணக்குப்படி மலிவுதான், ஆனால் எந்த வனக்காவலர் அதைச் சுற்றி வருவார்? எடையைக் கூட்டக் கூட்டத் துண்டுகள் ஒட்டிக்கொண்டு திரளும். எந்த அளவில் நிறுத்துவது என்பதற்குச் சூத்திரம் உண்டு என்று கையேடுகள் சொல்கின்றன. நடைமுறையில் ஏழெட்டு வரைபடங்களை மேசையில் பரப்பி, காவல் பணியில் இருந்த ஒருவரை அழைத்து, "எதைச் சுற்றி வருவீர்கள்?" என்று கேட்பதே என் வழக்கம்.

இந்த மென்பொருளுக்குப் பெயர் வாங்கிக்கொடுத்தது ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃப் என்ற பவளத்திட்டுத் தொடர். அந்தக் கடல் பூங்காவின் பரப்பு 3,44,400 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டைப் போல இரண்டரை மடங்குக்கும் மேல். 1975-இலேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் கால் நூற்றாண்டு கழிந்த பிறகும் மீன்பிடிக்க முழுத் தடை இருந்த பகுதி 5 சதவீதத்துக்கும் குறைவு. அதுவும் பெரும்பாலும் கண்ணுக்கு அழகான பவளத்திட்டுகளையும், ஆள் நடமாட்டம் குறைந்த வடகோடியையும் சுற்றியே இருந்தது. திட்டுகளுக்கு இடையில் கிடக்கும் கடற்புல் வெளி, பஞ்சுயிரிகள் நிறைந்த தரை, சேற்றுப் படுகை இவற்றையெல்லாம் கேட்பாரில்லை.

பூங்காவின் வலயங்களை மறுபடி வகுக்க 1999-இல் தொடங்கிய திட்டத்தில் முதலில் அந்தக் கடலை 70 உயிர்ப் புவிப்பகுதிகளாக, அதாவது ஒரே மாதிரியான வாழிடமும் உயிரினங்களும் கொண்ட பகுதிகளாக, பிரித்தார்கள். பவளத்திட்டுப் பகுதிகள் 30, மற்றவை 40. அறிவியலாளர் குழு 11 நெறிகளை எழுதிக் கொடுத்தது. ஒவ்வொரு பகுதியிலும் குறைந்தது 20 சதவீதமாவது மீன்பிடியற்ற வலயமாக வேண்டும். கரையோரப் பகுதிகள் நீங்கலாக, வலயம் அதன் குறுகலான இடத்திலும் 20 கிலோமீட்டர் அகலமாவது இருக்க வேண்டும். ஒரு திட்டை எடுத்தால் முழுசாக எடுக்க வேண்டும், பாதியில் வெட்டக் கூடாது. இப்படிப் போகும் அந்தப் பட்டியல். திறந்த கடலை அறுகோணங்களாகவும் திட்டுகளைத் திட்டுகளாகவே வைத்தும் 17,000-க்கும் மேற்பட்ட அலகுகள் ஆக்கி மார்க்ஸானுக்குள் அனுப்பினார்கள்.

இதுவரை எல்லோரும் சொல்லும் கதை. இதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குப் பிடிக்கும். முதல் சுற்றில் பொதுமக்களிடமிருந்து 10,000-க்கும் மேல் கருத்துகள் வந்தன. வரைவுத் திட்டம் வெளிவந்த பிறகு மேலும் 21,000-க்கும் மேல். பலர் வரைபடத்திலேயே பேனாவால் கிறுக்கி அனுப்பியிருந்தார்கள். எங்கே மீன்பிடிக்கிறோம், எதை விட்டுவிட வேண்டும், எதை எடுத்துக்கொண்டால் பரவாயில்லை என்றெல்லாம். அந்தக் கிறுக்கல்களைக் கணினியில் ஏற்றும் வேலையை நினைத்தால் எனக்கே முதுகு வலிக்கிறது. அதன்பின் எல்லைகள் நகர்ந்தன. மார்க்ஸானின் அறுகோணப் படிக்கட்டு விளிம்புகள் போய், ஜிபிஎஸ் வைத்திருக்கும் படகோட்டி நடுக்கடலில் கண்டுபிடிக்கும்படி அட்சரேகை, தீர்க்கரேகை எண்களால் எல்லை வரையப்பட்டது. 2004 ஜூலை 1 அன்று திட்டம் நடைமுறைக்கு வந்தபோது மீன்பிடியற்ற பகுதி சுமார் 33 சதவீதம். மென்பொருள் தந்த வரைபடம் எதுவும் அப்படியே சட்டமாகவில்லை. கருத்துச் சொன்னவர்கள் ஓர் இடத்தை விடச் சொன்னால், அதற்கு ஈடாக எங்கே எடுக்கலாம், 20 சதவீத நெறி தப்புமா என்று உடனுக்குடன் பார்க்கத்தான் அது உதவியது.

உள்ளூரில் இன்றும் "பச்சை வலயம்", "மஞ்சள் வலயம்" என்றுதான் பேசிக்கொள்வார்கள். பச்சையில் தூண்டில் கூடப் போடக் கூடாது. மஞ்சளில் ஆளுக்கு ஒரு தூண்டில், ஒரு கொக்கி. இழுவைமடிப் படகுக்கு வெளிர்நீலம் மட்டும். பச்சை ஆக்கப்பட்ட திட்டுகளில் கோரல் ட்ரவுட் என்ற மீன் இரண்டே ஆண்டுகளுக்குள் கண்கூடாகப் பெருகியது என்று பின்வந்த ஆய்வுகள் காட்டின. அதே திட்டுகள் 2016, 2017, 2020, 2022, 2024 எனத் தொடர்ந்து பெருமளவில் வெளிறவும் செய்தன. சூடேறிய நீர் பச்சை வலயம் என்று பார்த்து விலகிப் போவதில்லை. அந்தக் கேள்வியை அன்று மார்க்ஸானிடம் யாரும் கேட்கவும் இல்லை.

செலவு என்ற சொல் இங்கேதான் வருகிறது. மீனவர்களுக்கு ஏற்படும் இழப்பைக் குறைவாக வைக்க, அவர்களின் பிடிப்புப் பதிவுகள் கணக்கில் சேர்க்கப்பட்டிருந்தன. இருந்தும் திட்டத்துக்குப் பிறகு மீனவர்களுக்கும் அவர்களைச் சார்ந்த தொழில்களுக்கும் அரசு வழங்கிய இழப்பீடு 20 கோடி ஆஸ்திரேலிய டாலரைத் தாண்டியது. தொடக்கத்தில் அவ்வளவு ஆகும் என்று யாரும் எண்ணவில்லை. பிடிப்புப் பதிவேட்டில் மீனின் எடை இருக்கும். ஐஸ் கடைக்காரரும், படகு பழுது பார்ப்பவரும், தூண்டில் விற்பவரும் அதில் இருக்க மாட்டார்கள்.

மார்க்ஸானின் உள்ளீட்டுக் கோப்புகளில் ஒன்று இடங்களின் பட்டியல். திறந்தால் சப்பென்று இருக்கும். மூன்றே பத்திகள், அதாவது நெடுவரிசைகள்: அலகின் எண், செலவு, நிலை. ஒரு வரி இப்படி இருக்கும்: 417, 1, 0. அதாவது 417-ஆம் அலகு, அதன் செலவு 1, நிலை 0. நிலை 0 என்றால் மென்பொருள் விருப்பம்போல் எடுக்கலாம், விடலாம். 2 என்றால் கட்டாயம் உள்ளே. 3 என்றால் எக்காரணம் கொண்டும் எடுக்காதே.

நடுவில் உள்ள அந்த 1-ஐப் பாருங்கள். பெரும்பாலான மாணவர்களின் கோப்பில் எல்லா வரியிலும் அது 1 தான். "தகவல் இல்லை, அதனால் சமமாக வைத்துவிட்டேன்" என்பார்கள். சமமாக வைப்பது நடுநிலை அல்ல. கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில், நூறு குடும்பம் பிழைக்கும் இடமும், படகே போகாத ஆழமும் ஒன்று என்று அறிவிப்பது அது. பயிற்சி வகுப்புகளில் நான் செய்யும் ஒரே வித்தை இதுதான். ஒரே கடல், ஒரே உயிரினங்கள், ஒரே இலக்கு. செலவுப் பத்தியை மட்டும் இரண்டு விதமாக நிரப்பி இரண்டு வரைபடம் எடுத்து அருகருகே மாட்டிவிடுவேன். ஒன்றில் காப்பகம் கரையோரம் ஒட்டிக்கிடக்கும், மற்றதில் வெளிக்கடலுக்குப் போய்விடும். வகுப்பில் சலசலப்பு எழும். அதன்பிறகு எதையும் விளக்க வேண்டியிருக்காது.

100 ஓட்டங்களின் முடிவில் ஒவ்வோர் அலகும் எத்தனை தடவை தேர்வானது என்று ஒரு கோப்பு வரும். 98 வந்தால் "இந்த இடத்துக்கு மாற்றே கிடையாது" என்று அறிக்கையில் எழுதிவிடுகிறார்கள். சில சமயம் அது உண்மை. சில சமயம் அந்த இடம் வெறும் மலிவு, அவ்வளவுதான். மலிவான எதையும் மென்பொருள் விடாது. இரண்டையும் பிரித்தறிய வேண்டுமானால் செலவை எல்லா இடத்திலும் சமமாக்கி ஒரு தடவை, உண்மையான செலவோடு ஒரு தடவை ஓட்டி ஒப்பிட வேண்டும். அந்த ஓர் ஓட்டத்துக்குச் சோம்பல்படுகிறவர்கள் நிறைய.

மூன்றாவது பத்தியிலும் கை வைப்பார்கள். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வாடிக்கையாளர், பெயரும் நாடும் வேண்டாம், கோப்போடு சேர்த்து ஒரு நீளமான பட்டியலையும் அனுப்பினார். அதில் இருந்த அலகுகள் அனைத்துக்கும் நிலை 3 போடச் சொன்னார். ஏன் என்று கேட்டால், அங்கே பின்னாளில் துறைமுக விரிவாக்கம் வரக்கூடுமாம். வரைவு அறிக்கையில் ஒரு வரி எழுதியிருந்தார்கள்: "பகுப்பாய்வின்படி இப்பகுதியில் முன்னுரிமை இடங்கள் எதுவும் கண்டறியப்படவில்லை." கண்ணைக் கட்டிவிட்டு எதுவும் தெரியவில்லை என்று எழுதியிருக்கிறார்கள். அந்த அலகுகளை 0 ஆக்கி இன்னோர் ஓட்டம் எடுத்து, அதையும் அறிக்கையில் சேர்க்காவிட்டால் என் பெயரை எடுத்துவிடுங்கள் என்று சொன்னேன். பின்னிணைப்பின் கடைசிப் பக்கத்தில், தபால்தலை அளவில் அச்சிட்டார்கள். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் துறைமுகம் வரவிருக்கும் இடம், அடிக்கடி தேர்வான இடத்துக்குரிய கருஞ்சிவப்பில் தெரியும்.

மற்ற மென்பொருள்களைப் பற்றி இரண்டு வார்த்தை. ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் அட்டே மொய்லானன் குழு உருவாக்கிய ஸோனேஷன் எதிர்த்திசையில் வேலை செய்கிறது. முதலில் நிலம் முழுவதையும் காப்பகமாக வைத்துக்கொண்டு, இழந்தால் நட்டம் மிகக் குறைவான துண்டை ஒவ்வொன்றாக உதிர்த்துக்கொண்டே வரும். கடைசிவரை உதிராமல் நிற்பது உச்ச முன்னுரிமை. பின்லாந்தின் காடுகளுக்கு அதைப் பயன்படுத்துகிறார்கள். மடகாஸ்கரில், காப்பகப் பரப்பை 17 லட்சம் ஹெக்டேரிலிருந்து 60 லட்சமாக உயர்த்தப்போவதாக 2003-இல் அந்நாட்டு அதிபர் அறிவித்த பிறகு, எறும்பு, பட்டாம்பூச்சி, தவளை, பல்லி, லெமூர், தாவரம் என 2,315 இனங்களை வைத்து ஸோனேஷனில் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. 2008-இல் வெளிவந்த அதன் முடிவு முக்கியமானது. லெமூரை மட்டும் கணக்கில் வைத்து இடம் தேர்ந்தெடுத்தால் தவளையும் எறும்பும் கைநழுவுகின்றன. புலியைக் காத்தால் எல்லாவற்றையும் காத்ததாகும் என்று பேசுகிறவர்கள் அதை ஒருமுறை படிக்கலாம்.

பிரயாரிடைசர் என்பது ஆர் (R) என்ற நிரல் மொழியில் இயங்கும் தொகுப்பு. காய்ச்சி ஆறவைக்கும் தேடல் அதில் இல்லை. முழுவெண் நேரியல் கணக்காக மாற்றித் தீர்க்கிறது. கிடைத்த விடை மிகச் சிறந்த விடையிலிருந்து அதிகபட்சம் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று உறுதியாகச் சொல்லிவிடும். மார்க்ஸானால் அது முடியாது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் இதிலேயே தொடங்கலாம் என்பது என் கருத்து. நிரல் எழுதத் தயங்குகிறவர்களுக்குக் கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளுக்குள்ளிருந்தே மார்க்ஸானை இயக்கும் கிளஸ் என்ற இணைப்பு இருக்கிறது. எல்லாமே இலவசம். ஆனால் விடை எவ்வளவு துல்லியமானாலும் செலவுப் பத்தியை நிரப்புகிறவர் நாம்தான்.

கலிபோர்னியாவில் வேறு வழியில் போனார்கள். கடல் காப்பகச் சட்டம் 1999-இல் வந்தது. முதலில் வல்லுநர்கள் வரைபடம் போட்டுக் கொண்டுவந்து காட்ட, மக்கள் கொதித்தெழுந்து அந்த முயற்சி படுத்துவிட்டது. 2004-இல் புதிதாகத் தொடங்கினார்கள். மரைன்மேப் என்ற இணையக் கருவி பின்னர் வந்து சேர்ந்தது. அது எதையும் தேர்ந்தெடுக்காது. மீனவரோ, நீர்மூழ்குபவரோ, சூழலியலாளரோ தானே ஒரு வடிவத்தை வரையலாம். வரைந்தவுடன் அதற்குள் எவ்வளவு பாறை, எவ்வளவு கடற்பாசிக் காடு, நெறிகள் நிறைவேறுகின்றனவா, மீன்பிடிக்கு எவ்வளவு இழப்பு என்று காட்டும். 2012-இல் 124 காப்பகங்கள், மாநிலக் கடலில் சுமார் 16 சதவீதம். ஊர்கூடி அடித்துக்கொண்டு போட்ட கோடுகள் அவை. கணக்கில் மார்க்ஸான் இதைவிடச் சிக்கனமாக வரைந்திருக்கக்கூடும். வரைந்து என்ன?

இப்போது இதையெல்லாம் எழுதத் தூண்டிய விஷயத்துக்கு வருகிறேன். நான் தூத்துக்குடிக்காரன். என் அண்ணன் மகள் அங்கே கடல் உயிரியல் முதுகலை படிக்கிறாள். மன்னார் வளைகுடாவில் மார்க்ஸானை ஓட்டி ஆய்வேடு எழுத ஆசைப்படுகிறாள். "சித்தப்பா, உயிரினத் தகவலைச் சேர்த்துவிட்டேன். செலவுக்கு விசைப்படகுகளின் பதிவுகள் கிடைக்கும் போலிருக்கிறது. போதும்தானே?" என்று கேட்டாள்.

"வள்ளத்தில் போகிறவருக்கு யார் பதிவு வைத்திருக்கிறார்கள் அம்மா?" என்றேன்.

கொஞ்ச நேரம் பதில் இல்லை. பிறகு, "அந்த அலகுகளில் சுழி போட்டுவிடட்டுமா?" என்றாள்.

விசைப்படகு கடலுக்குப் போக மீன்வளத் துறையின் அனுமதிச் சீட்டு உண்டு. தாளில் தடம் இருக்கிறது. வள்ளம், வத்தை, சங்கு குளிக்கப் போகிறவர்கள், தீவுகளைச் சுற்றிப் பாசி எடுக்கும் பெண்கள் இவர்களுக்குத் தடம் ஏது? பதிவு இல்லாத இடத்தில் சுழி விழுகிறது. சுழி என்றால் மென்பொருளுக்கு இலவசம். 100 ஓட்டத்திலும் அந்த இடத்தை அள்ளிக்கொள்ளும். கடைசியில் வரும் வரைபடம், யாரிடம் தாள் இல்லையோ அவர்களுடைய கடலை மிகத் துல்லியமாகக் கண்டுபிடித்துக் காப்பகமாக்கியிருக்கும்.

கற்பனையாகச் சொல்லவில்லை. மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா 1986-இல் எந்த மென்பொருளும் இல்லாமல் அறிவிக்கப்பட்டது. தூத்துக்குடிக்கும் ராமேசுவரத்துக்கும் இடையில் 21 தீவுகள், 560 சதுர கிலோமீட்டர். அந்தத் தீவுகளைச் சுற்றி, விரல்களில் துணி சுற்றிக்கொண்டு மூச்சடக்கி மூழ்கி, மரிக்கொழுந்துப் பாசியும் கட்டக்கோரையும் எடுத்துப் பிழைத்த பெண்கள் ஒரே அறிவிப்பில் அத்துமீறுகிறவர்கள் ஆனார்கள். மாதத்தில் இத்தனை நாள்தான் பாசி எடுப்பது என்று அவர்களே பின்னர் கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்த உழைப்பையும் அந்தக் கட்டுப்பாட்டையும் எந்தப் பத்தியில் எழுதுவது?

தகவலின் வயதும் ஒரு பிரச்சினை. 21 தீவுகளில் தூத்துக்குடிப் பக்கத்து விலங்குச்சல்லியும் கீழக்கரைப் பக்கத்துப் பூவரசன்பட்டியும் நீருக்குள் போய்விட்டன. பல ஆண்டுகள் பவளப்பாறையை வெட்டி எடுத்ததன் விளைவு. பழைய வரைபடக் கோப்புகளில் இரண்டும் இன்னும் தரையாகவே மிதக்கின்றன.

அவளுக்கு ஒரு யோசனை சொன்னேன். அறுகோணத்தை விடு. கிரேட் பேரியர் ரீஃபிலேயே திட்டுகளைத் திட்டுகளாக வைத்துத்தான் அலகு பிரித்தார்கள். நம் கடலில் மீனவர்கள் கடலடிப் பாறைத்திட்டைப் பார் என்பார்கள்; ஒவ்வொரு பாருக்கும் பெயர் உண்டு, எல்லை உண்டு, அடையாளம் உண்டு. அந்தப் பார்களையே அலகாக வை. கடலடி வரைபடத்தைப் பெரிதாக அச்சிட்டு எடுத்துக்கொண்டு போ. திரேஸ்புரத்தில் வள்ளக்காரர்களோடு உட்கார்ந்து, எந்தப் பாரில் எந்த மாதம் யார் போகிறார்கள் என்று கேள். ரூபாயில் சொல்லச் சொல்லாதே. சொல்ல மாட்டார்கள், சொன்னாலும் பொய்யாக இருக்கும். இது போனால் எவ்வளவு கஷ்டம் என்று ஒன்று முதல் ஐந்துவரை கூழாங்கல்லை வைக்கச் சொல். பாம்பன் பக்கம் போகும்போது பெண்களிடம் தனியாகக் கேள். ஆண்கள் வைக்கும் கல்லும் அவர்கள் வைக்கும் கல்லும் ஒரே இடத்தில் விழாது. அது செலவுப் பத்தி. ஆய்வேட்டு வழிகாட்டி இதைத் தரவு என்று ஏற்பாரா என்று கவலைப்பட்டாள். ஏற்கவில்லை என்றால் இரண்டு வரைபடத்தையும் அருகருகே மாட்டு என்றேன்.

நேற்று இலக்குகளின் கோப்பை அனுப்பியிருந்தாள். கடற்புல், உயிருள்ள பவளம், சேறு, மணல், சங்குப் படுகை எல்லாவற்றுக்கும் 30 சதவீதம். எங்கிருந்து வந்தது இந்த 30 என்று கேட்க வேண்டியதில்லை. 2022 டிசம்பரில் மான்ட்ரியாலில், 2030-க்குள் நிலத்திலும் கடலிலும் 30 சதவீதத்தைக் காப்பது என்று உலக நாடுகள் ஒப்புக்கொண்டன; அன்றிலிருந்து வருகிற கோப்பிலெல்லாம் 30. அது உலகம் முழுவதற்குமான பரப்பளவு. நம் வளைகுடாவில் கடல்பசு மேயும் புல்வெளிக்கு 30 போதுமா, பரந்துகிடக்கும் மணலுக்கு 30 வேண்டுமா என்று அது சொல்லாது. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் காரணம் ஒன்றை எழுதித் திருப்பி அனுப்பச் சொல்லியிருக்கிறேன். கோப்பு வந்ததும், அவள் சம்மதித்தால், அதை பிரயாரிடைசரில் ஓட்டி வரைபடங்களோடு அடுத்த பதிவில் போடுகிறேன்.